காப்பிச் செடிக்கு முள் கிடையாது

“காப்பிப் பழம் பறிக்கையில கீறிருச்சும்மா” என்றான். ஒன்பதாம் வகுப்பு, ஜனவரி மாதக் காலை, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் கலையவில்லை. கட்டுரை நோட்டை நீட்டியபோது முழுக்கைச் சட்டை கொஞ்சம் மேலேறி, இடது முன்கையில் நாலைந்து கீறல்கள் தெரிந்தன. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல. ஏற்காட்டில் பதினோரு வருஷம் குடியிருந்தவள் நான். வீட்டு வேலிக்கு அந்தப் பக்கமே தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அந்த நிழலில் காப்பி. காப்பிச் செடிக்கு முள் கிடையாது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். “மஞ்சள் வெச்சுக்கோடா” என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருத்தினேன். மூன்று ஒற்றுப்பிழை இருந்தது. மூன்றையும் சிவப்பு மையில் சுழித்தேன்.

அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லவும் கூடாது. வழக்கில் சிக்கிய பிள்ளையின் பெயர், ஊர், பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். இங்கே சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கீறலை மட்டும் மாற்றவில்லை.

பத்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். எனக்கு மாறுதல் கிடைத்து சேலத்துக்கு வந்துவிட்டேன். மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது, ஒதுக்கி வைத்திருந்தேன். பிறகு ஒரு மே மாதம், சீசன் நேரம். மலையில் காருக்குப் பின்னால் கார் நிற்கும் நாட்கள். அவனுக்கு அப்போது 17 வயது. எஸ்டேட் வேலை முடிந்து ரோட்டோரம் நடந்து வந்துகொண்டிருந்தவனுக்குப் பின்னாலிருந்து ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்திருக்கிறது. திரும்பினான், குனிந்தான், கல்லை எடுத்தான். கண்ணாடி உடைந்து, உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. இதில் நியாயம் பேச ஒன்றுமில்லை. பிள்ளைகளோடு ரெண்டு நாள் ஊர் பார்க்க வந்த பெண், நெற்றியில் தழும்போடு திரும்பிப் போனாள். “ஏன்டா எறிஞ்ச?” என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தெரியவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவனுடைய அப்பாயி எனக்குப் போன் செய்தாள். “டீச்சரம்மா, பையனைக் கீழ கூட்டிட்டுப் போயிட்டாங்க.” மலையில் கீழ என்றால் சேலம். அன்றைக்கு அவள் குரலில் அந்தச் சொல் இன்னும் ஆழமாக எங்கேயோ இறங்கியது.

பன்னிரண்டு நாள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். இன்னமும் பலர் சீர்திருத்தப் பள்ளி என்கிறார்கள். சிலர் நேராகவே ஜெயில் என்கிறார்கள். இரண்டும் இல்லை. விசாரணை முடியும்வரை தங்கவைக்கும் இடம் அது. நானும் அப்பாயியும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போனபோது நான் சினிமாக் கூண்டை எதிர்பார்த்திருந்தேன். கூண்டு இல்லை, மேடையும் இல்லை. நடுவர் ஒருவர், சமூகப் பணியாளர்கள் இருவர், எல்லோரும் நம் மட்டத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விதியே அப்படித்தானாம். அவனையும் ‘குற்றவாளி’ என்று யாரும் சொல்லவில்லை. ‘சட்டத்துடன் முரண்பட்ட சிறார்’ என்பதுதான் காகிதத்தில் இருக்கும் சொல். அதைக் கேட்டதும், சட்டத்துக்கும் இவனுக்கும் ஏதோ கருத்து வேறுபாடு என்பதுபோல் இருக்கிறதே என்று சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், பதினேழு வயதுப் பையனுக்கு இதைவிட மரியாதையான சொல் கிடைக்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழுமத்துக்காக நன்னடத்தை அலுவலர் ஒரு சமூக விசாரணை அறிக்கை தயாரிக்கிறார். வீடு, வருமானம், பழக்கவழக்கம், நண்பர்கள், உடல்நிலை, மனநிலை என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள் உள்ள படிவம். நல்ல மனிதர், அவர் மேசையில் இருந்த கோப்புகளைப் பார்த்தாலே ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று புரிந்துவிடும். எனக்கும் போன் செய்தார். “ஸ்கூல்ல பையன் எப்படிம்மா?” என்றார். “அமைதியான பையன் சார், ஒரு பிரச்சினையும் இல்லை” என்றேன். மனநிலை என்ற இடத்தில் ‘இயல்பு’ என்று எழுதியிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. அந்த ஒரு சொல்லில் பாதியாவது என்னுடையது.

சீட்டு கிடைக்குமா?

குழுமத்தின் உத்தரவு கடுமையானதல்ல. புத்திமதி, அப்பாயியின் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்புவது, மாதம் ஒருமுறை அலுவலர் முன் வருவது, அப்புறம் ஒரு வரி: ‘மனநல ஆலோசனைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.’ வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று நான் அதை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். “கவுன்சிலிங் போகணும் பாட்டி” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. “அப்ப சீட்டு கிடைக்குங்களா?” என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பக்கத்து வீட்டுப் பெண் என்ஜினியரிங் கவுன்சிலிங் போய் சீட்டு வாங்கி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவளைச் சொல்லி என்ன? எனக்கே கவுன்சிலிங் என்றால் முதலில் ஞாபகம் வருவது மாறுதல் கலந்தாய்வுதான்.

பையனுக்கோ அந்தச் சொல்லுக்கு மூன்றாவது அர்த்தம் ஒன்று தெரிந்திருந்தது. “அதாம்மா, உக்கார வெச்சுத் திட்டுவாங்களே.” பள்ளியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அவன் கண்ட கவுன்சிலிங் அதுதான். ‘கூப்பிட்டு கவுன்சிலிங் குடுத்து அனுப்பினோம்’ என்று நாங்கள் ஆசிரியர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதெல்லாம் அரைமணி நேர அர்ச்சனை இல்லையா? அது போதாதென்று இப்போது அதை உத்தரவாக, போகாவிட்டால் கேள்வி கேட்கப்படும் என்ற வடிவில் கொடுத்தாயிற்று. ஒருவன் தன் மனசைத் திறக்க வேண்டிய இடத்துக்குத் தண்டனையின் வாசல் வழியாகப் போகச் சொல்கிறோம்.

அந்த நாட்களில் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 2015-ஆம் ஆண்டுச் சட்டம், 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. இல்லங்களில் தரவேண்டிய சேவைகளின் பட்டியலில் மனநல உதவி, ஆலோசனை எல்லாம் 53-ஆம் பிரிவில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் உளவியலாளர் வந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தப்படும் இடம் வேறு. 16 வயது முடிந்தவர், குறைந்தது ஏழாண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றம் செய்ததாக வழக்கு வந்தால், அவரைப் பெரியவரைப்போல் விசாரிக்கலாமா என்று முதலில் மதிப்பிட வேண்டும். அது 15-ஆம் பிரிவு. குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் அந்த மதிப்பீட்டுக்கு நிபுணரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சரியான தீர்ப்புதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. பிள்ளையின் மனசு எப்படிப்பட்டது என்று நாம் ரொம்பக் கறாராகக் கேட்பது, அவனைப் பிள்ளை என்ற வரிசையிலிருந்து வெளியே அனுப்பலாமா என்று முடிவு செய்யும்போது. கல்லெறிந்தவன் வழக்கு சின்னது. யாரும் அவ்வளவு கறாராகக் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

மூன்று முறை

இரண்டு மாதம் கழித்து அப்பாயி மறுபடி கூப்பிட்டாள். பையன் ஆலோசனைக்குப் போகவே இல்லை என்று ஆபீசர் கேட்கிறாராம். வீட்டில் பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு போனானே, அந்தக் காசு எங்கே போயிற்று என்பது அவள் கவலை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவனைத் திட்டவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றாவது வளைவில் ஆரம்பித்த வசனம் பதினைந்தாவது வளைவுக்குள் நல்ல சொற்பொழிவாக வளர்ந்துவிட்டது.

அவனை வீட்டில் வைத்துப் பேச வழியில்லை. ஒரே அறை. ரோட்டுக்கு வந்து மதகு மேல் உட்கார்ந்தோம். “காசை என்னடா பண்ணுன?” என்று ஆரம்பித்தேன்.

“பஸ்ஸுக்குத்தாம்மா. போனேன்.”

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்குத்தான். மூணு தடவை.”

முதல் தடவை, காலைப் பஸ் பிடித்து இறங்கி, மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறான். கவுண்டருக்கு வந்ததும் உள்ளேயிருந்து “என்ன தொந்தரவு?” என்று கேட்டார்கள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். முன்னால் நின்றவர் முட்டி வலி என்றார், அதற்கு முன்னால் நின்ற அம்மா காய்ச்சல் என்றார். இவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த உத்தரவு நகலை நீட்டலாம். நீட்டினால் வழக்கு என்பது வரிசைக்கே தெரிந்துவிடும். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். இரண்டாவது தடவை சீட்டே வாங்காமல் நேராக அந்தப் பிரிவைத் தேடிப் போனான். வாசல் பெஞ்சில் மலையிலிருந்து வந்த தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவரும் இவனைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் பிரிந்தார்கள். மூன்றாவது தடவை பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் மலைக்குத் திரும்பி வந்துவிட்டான். கண்டக்டர் “என்னடா தம்பி, காத்து வாங்க வந்தியா?” என்று கேட்டாராம். சொல்லும்போது லேசாகச் சிரித்தான்.

கோப்பில் இந்த மூன்று பயணங்களும் கிடையாது. ‘ஆஜராகவில்லை’ என்றுதான் இருக்கும். அங்கே யாரும் அவனிடம் தப்பாக நடந்துகொள்ளவும் இல்லை. வாசலிலிருந்து அந்தப் பெஞ்சு வரை உள்ள ஐம்பதடி தூரத்துக்கு யாரும் பொறுப்பில்லை, அவ்வளவுதான். 14416 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து; வீட்டிலிருந்தபடியே பேசலாமே என்று நான் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். “வீட்டுல அப்பாயி காதுல விழும்மா. டவர் வேணும்னா இந்த மதகுக்குத்தான் வரணும். இங்க உக்காந்து போன்ல என்னன்னு சொல்றது, எல்லாரும் போய்ட்டு வந்துட்டு இருப்பாங்க.” ஏற்காட்டு ஆஸ்பத்திரியிலேயே கேட்டுப் பார்க்கலாமா என்றேன். அதற்குப் பதிலே சொல்லவில்லை, என்னைப் பார்த்தான். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரியும். பக்கத்தில் இருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். தூரத்தில் இருந்தால் ஒரு நாள் கூலி போகும். கூலி போனாலும் பரவாயில்லை, கீழேயே போகிறேன் என்பது அவன் கணக்கு. மூன்று தடவையும் அப்படித்தான் போயிருக்கிறான்.

ஒத்திகை பார்த்த சொற்பொழிவு பையிலேயே கிடந்தது.

ஆறு என்றால் வழி

கவுன்சிலருக்கு அரசுத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று பெயர். பெயர்ப்பலகைகளில் பெரும்பாலும் ‘ஆற்றுப்படுத்துனர்’ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சிவப்புப் பேனாவைத் தேடும் கை என்னுடையது; அது போகட்டும். துயரை ஆற்றுபவர் என்றுதான் பலரும் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அதுவும் அழகுதான். ஆனால் ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துவது வழிப்படுத்துவது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை என்று இருபது வருஷம் பிள்ளைகளுக்கு இரண்டு மதிப்பெண் வினாவாக நடத்தியிருக்கிறேன். பரிசு வாங்கித் திரும்புகிறவன், எதிரே பசியோடு வருகிறவனை நிறுத்தி, ‘நான் போய் வந்தேன், இப்படிப் போ’ என்று சொல்வது. அதில் மலைபடுகடாம், நன்னன் என்ற மன்னனிடம் கூத்தரை அனுப்பும் பாட்டு, மலைவழியை விரிவாகச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாசி பிடித்த பாறையில் எதைப் பிடித்துக்கொண்டு கால் வைக்க வேண்டும், புனங்காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறியும்போது எந்த மரத்துக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும் என்பதுவரை சொல்லும். ‘நன்னனிடம் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று ஓலையில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கூத்தன் நடையைக் கட்டவில்லை.

இதெல்லாம் மலையிறங்கும்போது யோசித்தது. வீட்டுக்கு வந்து அவனுக்கு வழி எழுதித் தரலாம் என்று ஒரு கோடு போட்ட தாளை எடுத்தேன். ‘பஸ்ஸிலிருந்து இறங்கி’ என்பதற்கு மேல் எழுத வரவில்லை. நான் போனதில்லையே! போய் வராதவள் வழி சொல்ல முடியாது.

அந்தப் புதன்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு நானே ஓ.பி. சீட்டு வாங்கப் போய் நின்றேன். “என்ன தொந்தரவு?” என்றார்கள். பின்னால் நின்றவரின் மூச்சு என் காதில் படுகிறது. ஐம்பத்து மூன்று வயது, இரண்டு முதுகலைப் பட்டம், மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறவள். வாய் வரவில்லை. “தூக்கம்” என்று ஒரு சொல்லை எப்படியோ சொன்னேன். சீட்டில் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. உள்ளே என் மகள் வயதில் ஒரு உளவியலாளர். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “நல்லாத் தூங்குறீங்களாம்மா?” என்றார். “ம், தூங்குறேனே” என்றேன். சீட்டில் தூக்கம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தவள்! என் கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மூன்று மணிக்கு மேல் விழித்திருந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. கேட்டவுடன் வாயில் வந்தது அந்தப் பொய். எனக்கும் ஒரு காப்பிச் செடி இருந்தது.

அந்தப் பெண் ‘மஞ்சள் வெச்சுக்கோங்க’ என்று சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவ்வளவு நேரம் ஒருவர் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பதை நான் வகுப்பில் ஒருநாளும் செய்ததில்லை. அப்புறம் பேசினேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

திரும்பி வந்து தாளை நிரப்பினேன். எந்த வாசல், எந்தக் கவுண்டர், எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு. ‘என்ன தொந்தரவு என்று கேட்டால் தூக்கம் என்று சொல், பொய்யும் இல்லை. உத்தரவுக் காகிதத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே வை, கவுண்டரில் காட்டத் தேவையில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியபின் காட்டு. முதல் கேள்வி கேட்டதும் பொய் வரும். பரவாயில்லை, கொஞ்ச நேரம் கழித்து மாற்றிச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.’ ஒரு பக்கம் வந்தது. நன்னடத்தை அலுவலரிடம் போய், அந்த ‘அமைதியான பையன், பிரச்சினை இல்லை’யையும் திருத்திச் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பழைய தேதியைத் தள்ளிப்போட்டுப் புதிதாகக் குறித்துக்கொண்டார்.

நாலாவது தடவை கூடவே நானும் போனேன். தாளைக் கையில் சுருட்டி வைத்திருந்தான், ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. உள்ளே போய் நாற்பது நிமிஷம். வெளியே வந்தவனிடம் என்ன பேசினாய் என்று கேட்க நாக்கு துடித்தது. “பசிக்குதாடா?” என்று மட்டும் கேட்டேன். தட்டுவடை செட் இரண்டு பிளேட் சாப்பிட்டான். சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டுத்தான் சாப்பிட்டான். சட்னி படக்கூடாதே என்றுகூட இருக்கலாம்.

அதற்கப்புறம் தானாகவே போய் வந்தான். நடுவில் இரண்டு முறை போகவில்லை, ஒருமுறை குடித்துவிட்டு வந்து அப்பாயியிடம் திட்டு வாங்கினான். ஹாரன் சத்தம் கேட்டால் இன்னமும் தோள் தூக்கிவாரிப் போடுகிறது. 18 முடிந்துவிட்டது, வழக்கும் முடிந்துவிட்டது, இப்போது ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. எதிலிருந்து அந்தக் கீறல்கள் வந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாதம் அலுவலர் கூப்பிட்டு, “அம்மா, அந்த வழித்தாள் ஒரு காப்பி கிடைக்குமா? இன்னொரு பையன் இருக்கான்” என்றார். பழைய தாளைப் போட்டோ எடுத்து, சரியாக இருக்கிறதா என்று இவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டேன். இரவு பத்தரைக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் பட்டறைச் சத்தம். “அம்மா, கவுண்டர் நம்பர் மாத்திட்டாங்க, இப்ப மருந்து குடுக்கற எடத்துக்குப் பக்கத்துல. அப்புறம் அந்த பெஞ்சுல முதல் ஆளா உக்கார வேணாம்னு சொல்லுங்க, போறவர்றவங்க எல்லாம் பாப்பாங்க. தூண் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னால நின்னா பேர் கூப்பிடறதும் கேக்கும், ஆளும் தெரியாது.”

தாளில் கவுண்டர் எண்ணை அடித்துத் திருத்தினேன். ஓரத்தில் தூணையும் சேர்த்தேன்.